மழலையைக் கேட்டுச் சிரிக்கலாமா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, ‘நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு’ என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நாலு வரி எழுதியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த என் அக்கா மகள் தலையைத் தூக்கிக் கேட்டாள்:

“மாமா, இம்புட்டுப் பெரிய ஆளாகியும் இன்னும் படிக்கப் போறியே... பெயிலாப் போயிட்டியா?”

கணக்கில் ஒரு அரியர் வைத்திருக்கிற எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் இருந்த அம்மாவும், தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்துவிட்டார்கள். எழுதிய நாலு வரியையும் கிழித்துப் போட்டேன். நாட்டு முன்னேற்றத்தை வேறு யாராவது எழுதட்டும். நான் எழுதப் போவது இந்தச் சிரிப்பைப் பற்றி.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பு இல்லை. எங்கள் வீட்டில் பதினெட்டு வயதில் படித்தவர் என்று ஒருவரும் கிடையாது. அப்பா ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. அக்கா எட்டாவதோடு நின்றாள். அந்தப் பிள்ளை பார்த்த உலகத்தில் வளர்ந்த ஆள் வேலைக்குப் போவான். வளர்ந்த பிறகும் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போகிறவன் பெயிலானவனாகத்தானே இருக்க வேண்டும்? அவளுக்குத் தெரிந்த விவரங்களை வைத்துக்கொண்டு அவள் போட்ட கணக்கு சரி. நாம்தான் சிரிக்கிறோம்.

குழந்தை உளறுவதில்லை

பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அவள் பேச்சில் எங்கள் வீட்டார் அதிகம் சிரித்தது ‘போடுனேன்’ என்ற சொல்லுக்குத்தான். “மாமா, நானே சட்டை போடுனேன்” என்பாள். ‘போட்டேன்’ என்று சொல்லிக் கொடுத்தாலும் மறுபடி ‘போடுனேன்’தான்.

ஒரு நாள் கணக்குப் போடுவது போல எழுதிப் பார்த்தேன். ஓடு – ஓடுனேன். ஆடு – ஆடுனேன். பாடு – பாடுனேன். அப்படியானால் போடு? போடுனேன்! வீட்டில் யாருமே சொல்லாத சொல் அது. யாரிடமும் கேட்டு அவள் ஒப்பிக்கவில்லை. தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதைப் புதிய இடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். விதி விலக்கு வைத்தது தமிழ், தப்பு அவளுடையதா?

1958ஆம் ஆண்டு ஜீன் பெர்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி இதையே சோதனையாகச் செய்து காட்டினார். பறவை மாதிரி ஒரு படம் வரைந்து அதற்கு ‘வக்’ என்று உலகத்தில் இல்லாத ஒரு பெயரை வைத்தார். “இது ஒரு வக். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. ஆக மொத்தம் இரண்டு...?” என்று நிறுத்தினார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லுக்குச் சின்னப் பிள்ளைகள் ஆங்கிலப் பன்மையைச் சரியாகச் சேர்த்துச் சொன்னார்கள். பிள்ளைகள் கிளி மாதிரி திருப்பிச் சொல்கிறவர்கள் அல்ல, உள்ளுக்குள் இலக்கணம் கட்டுகிறவர்கள் என்பது அதில் தெரிந்தது.

எண் சொல்லும்போதும் இப்படித்தான். “இருபத்தெட்டு, இருபத்தொம்பது, இருபத்திப்பத்து!” என்று பாப்பா முடிக்கும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் எழுபதுக்கு ‘அறுபது பத்து’ என்றுதான் சொல்கிறார்களாம்; எழுபத்தொன்றுக்கு ‘அறுபது பதினொன்று’! ஒரு நாடே அப்படி எண்ணும்போது எங்கள் பாப்பா எண்ணினால் மட்டும் சிரிப்பா?

ரஷ்யாவில் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி என்று ஒரு குழந்தை எழுத்தாளர் இருந்தார். பிள்ளைகள் பேசுவதை வருடக்கணக்கில் சேர்த்து 1928இல் புத்தகமாகப் போட்டார். 1933 முதல் அதற்கு ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்று பெயர். பிள்ளைகள் சொல்வதில் வேடிக்கை மட்டுமல்ல, பெரிய உழைப்பும் இருக்கிறது என்பதுதான் அவர் கட்சி. நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். கரிசல்காட்டு மக்கள் பேசிய சொற்களைத் தேடித் தேடிப் பொறுக்கி அகராதி செய்த கி. ராஜநாராயணன். பெரியவர்கள் பேச்சு அகராதி ஏறிவிட்டது. பிள்ளைகள் பேச்சுதான் சிரித்த கையோடு காற்றில் போகிறது.

போன வருடம் ஒரு பௌர்ணமி அன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியில் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்: “மாமா, நெலா நம்ம கூடயே வருதே, அதுவும் பொம்பளப் பிள்ளையா?” ஏன் என்றேன். “காசு குடுக்காம வருதுல்ல!”

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதே, அதற்குப் பிறகு பேச ஆரம்பித்த பிள்ளை அல்லவா? அவளைப் பொறுத்தவரை காசு கொடுத்தால் ஆண், கொடுக்காவிட்டால் பெண்! பஸ்ஸே சிரித்தது. நிலா தம்மோடு கூடவே நடந்து வருவதாகப் பிள்ளைகள் நம்புவதை ஸ்விட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே நூறு வருடத்துக்கு முன்பே கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஜெனீவாவானால் என்ன, திருச்சுழியானால் என்ன, நிலா எல்லாப் பிள்ளைகளோடும்தான் வருகிறது. டிக்கெட் எடுக்காத நிலா மட்டும் நம் ஊருக்குச் சொந்தம்.

இன்னொன்று. அத்தான் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேலே இலை தழையைப் பரப்பி, மண்ணைப் பூசி மூடிவிட்டு உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று அதிகம் புகுந்தால் எல்லாம் சாம்பல். அளவாகப் புகுந்தால் கரி. நாள்கணக்கில் ராத்திரி பகலாகக் காவல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்து பாப்பா சொன்னாள்: “வெறகுக்குக் காய்ச்சல். அப்பா போத்திவிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்காக.” எங்கள் வகுப்பில் ‘குறைந்த காற்றில் எரிதல்’ என்று பாடம் நடந்தபோது எனக்கு இந்தக் காய்ச்சல்தான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முழு மார்க் வாங்கினேன்!

சிரிப்புக்குப் பின்னால்

சரி, வேடிக்கை போதும். வேடிக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?

படிக்கும் இடத்தில் பாப்பாவைக் கண்மாய் வரையச் சொன்னார்கள். அவள் கருவேல மரம் வரைந்தாள், ரெண்டு ஆடு வரைந்தாள், மட்டையோடு பையன்களை வரைந்தாள். “தண்ணி எங்கடி?” என்று கேட்டதற்கு, “தண்ணி லாரில வரும்” என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அக்கா சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்த்தது அப்படித்தான். குண்டாறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்று பெயர். வருடத்தில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கிறது. அப்புறம் ஒரு ஐப்பசியில் ரெண்டு நாள் விடாமல் அடித்து கண்மாயில் கொஞ்சம் தண்ணி நின்றது. கரையில் நின்று பார்த்தவள் மெதுவாகக் கேட்டாள்: “மாமா, எத்தன கொடம் ஊத்துனாக?”

அம்மா சிரிக்கவில்லை. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற இடுப்பு அம்மாவுடையது. தண்ணீரைக் குடத்தால்தான் அளக்கத் தெரியும் என்று ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது என்றால், அது அந்தப் பிள்ளையின் அறியாமையா, நம் ஊரின் சரித்திரமா?

கி.ரா.வின் ‘கதவு’ கதையைப் படித்தவர்களுக்கு இது புரியும். பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பிடித்து ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுவார்கள். படிக்கும்போது நமக்கும் சிரிப்பாக வரும். பிறகு தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போவார்கள். ஏழை வீட்டில் பிள்ளை விளையாட்டும் பிள்ளைப் பேச்சும் வீட்டு நிலைமையை வெளியே சொல்லிவிடும். பெரியவர்கள் வெட்கப்பட்டு மறைப்பதைப் பிள்ளைகள் மறைப்பதில்லை.

அப்படி ஒரு பேச்சு என் வாழ்க்கையிலும் நடந்தது. 2024 மே மாதம் நான் இந்தப் படிப்பில் சேர வந்த நாள். அப்பாவுக்கு அன்றைக்கு ஷிப்ட். ஒரு நாள் கூலி போனால் பஸ் காசு இல்லை. அம்மாதான் கூட வந்தாள். பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஸ்டாம்ப் பேடில் கட்டை விரலை அமுக்கி ரேகை வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே. அன்றைக்கு நான் அம்மாவோடு ஒட்டி நடக்கவில்லை. பத்தடி தள்ளித்தான் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா அம்மாவின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். அப்போது அவளுக்கு மூணு வயது. ஏப்ரலில்தான் நாடாளுமன்றத் தேர்தல் நடந்திருந்தது. ஊரில் எல்லார் விரலிலும் மை பார்த்த பிள்ளை.

“அம்மாச்சி, மறுபடியும் ஓட்டுப் போட்டியா? யாருக்குப் போட்ட?”

அம்மா ஒரு நிமிஷம் விரலைப் பார்த்துவிட்டு, “ஒங்க மாமனுக்குத்தான் தாயி” என்றாள்.

அப்பா சிரித்தார், அக்கா சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தேர்தல் மை மைசூரில் தயாராகிறது. சில்வர் நைட்ரேட் இருப்பதால் தோலைப் பிடித்துக்கொள்ளும், வாரக்கணக்கில் போகாது என்று பிறகு படித்தேன். அம்மா விரலில் இருந்தது சாதாரண மை. சோப்புப் போட்டதும் போய்விட்டது. ஆனால் எதற்கு நான் வெட்கப்பட்டேனோ, அதையே ஒரு மூணு வயதுப் பிள்ளை ஓட்டாக மாற்றிவிட்டாள். இன்றைக்கு ரேஷன் கடையில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் விரல் ரேகைதான் வைக்கிறோம். அம்மா மட்டும் அன்றைக்கு என்ன குறைந்து போனாள்?

குழிக்குள் இருந்தவர் மகன்

இத்தனை அழகான பேச்சைக் கேட்டுச் சிரித்தால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். பதிலுக்கு என் கதையைச் சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. அப்போது அப்பா வீட்டில் குழித்தறி போட்டிருந்தார். குழித்தறி பார்க்காத தோழர்களுக்குச் சொல்கிறேன்: தரையில் குழி வெட்டி, நெசவு செய்பவர் குழி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிகளை மிதிப்பார். கையில் நாடா ஓடும். நான் காலையில் கண் விழிக்கும்போதும், ராத்திரி தூங்கப் போகும்போதும் அப்பா இடுப்புக்குக் கீழே குழிக்குள்தான் இருப்பார். ஆகவே எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன்:

“எங்கப்பா குழிக்குள்ள இருக்காக டீச்சர்.”

டீச்சர் கண் கலங்கிவிட்டார். கூப்பிட்டுத் தலையைத் தடவி, தன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கும் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் மறந்துவிட்ட என் சோத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ‘குழிக்குள் இருக்கிற’ அப்பாவே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்!

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. விஷயம் தெரிந்து டீச்சர் சிரித்தார், பக்கத்து வகுப்புக்குப் போய்ச் சொன்னார், அந்த வகுப்பும் சிரித்தது. அவர் கெட்டவர் அல்ல. முறுக்குக் கொடுத்த கை அது. ஆனால் அன்றிலிருந்து பத்தாவது முடியும் வரை எனக்குப் பெயர் ‘குழி’. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை. புரிந்தது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். திறக்காமல் இருந்துவிட்டேன்.

அதற்கு வட்டி இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் கேட்டார்: “லேத்தில் சக் எதற்கு?” தினமும் என் கையால் சாவி போட்டு முறுக்குகிற சாமான்! வேலைப் பொருளைப் பிடித்துக்கொள்ள என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. பேசாமல் நின்றேன். “வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

கடைசி பெஞ்சில் உட்காரும் தோழர்களே, உங்களுக்கும் ஒரு ‘குழி’ இருக்கும். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நானும் அதைத்தான் செய்தேன்

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பாப்பா ‘போடுனேன், போடுனேன்’ என்று சொன்னதை செல்போனில் பதிவு செய்து நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நன்றி. மறுநாளிலிருந்து வருகைப் பதிவுக்குக்கூட “உள்ளேன் ஐயா, கையெழுத்துப் போடுனேன்” என்றீர்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பன் ஒருவன் பாப்பாவைப் பார்த்ததும், “என்ன பாப்பா, சட்டை போடுனியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் மேல் குற்றமில்லை. பிள்ளையின் முகம் மாறியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அன்று ராத்திரி கேட்டாள்: “மாமா, நான் பேசுறது தப்பா?”

அதற்குப் பிறகு ‘போட்டேன்’ என்று சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் சொல்லுமுன் ஒரு தடவை எங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என் பார்வை.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா?

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “சிரிக்காம அழவா சொல்ற? பன்னெண்டு மணி நேரம் தறிச் சத்தத்துல நின்னுட்டு வர்ற மனுசனுக்கு அந்தப் பிள்ள பேச்சுத்தாண்டா மருந்து” என்றாள். அதுவும் உண்மை. குழந்தை மழலையைக் கேட்காதவர்தான் குழலையும் யாழையும் இனிது என்பார் என்று வள்ளுவர் சொன்னார். சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாத வாழ்வு வீண் என்று புறநானூற்றில் பாடியவர் நம் பாண்டி நாட்டு அரசரே, பாண்டியன் அறிவுடை நம்பி. சன் தொலைக்காட்சியில் இமான் அண்ணாச்சி பிள்ளைகளோடு பேசிய ‘குட்டிச் சுட்டீஸ்’ நிகழ்ச்சியை நம் தெருவே உட்கார்ந்து பார்த்தது. சிரிப்பை நான் குறை சொல்லவில்லை.

சிரிப்பில் ரெண்டு வகை இருக்கிறது என்கிறேன். ஒன்று, பிள்ளைக்கும் பங்கு உள்ள சிரிப்பு. “ஒங்க மாமனுக்குத்தான் தாயி” என்று அம்மா சொன்னாளே, அது. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இன்னொன்று, பிள்ளையை நடுவில் நிறுத்தி, “மாமாவுக்கு அதச் சொல்லு, அத்தைக்கு இதச் சொல்லு” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, அதற்குத் தெரியாமலே அதை வைத்துச் சிரிப்பது. முதல் வகையில் பிள்ளை மேலும் ரெண்டு கேள்வி கேட்கும். இரண்டாம் வகையில் வாயை மூடிக்கொள்ளும்.

ஆகவே தோழர்களே, நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள பிள்ளைகளுக்காக மூன்று காரியம் செய்வோம். முதலில் பதில் சொல்வோம், பிறகு சிரிப்போம். அதன் பேச்சை அதைக் கேட்காமல் செல்போனில் ஊருக்கு அனுப்ப மாட்டோம். மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளைகள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைப்போம். நம் பெற்றோருக்கு எழுதத் தெரியாததால் நாம் பேசிய மழலை ஒன்றும் மிஞ்சவில்லை. என்னுடையதில் மிஞ்சியது அந்தக் குழி ஒன்றுதான். இந்தத் தலைமுறைக்கு எழுதத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கிறோம். அடுத்த மலரில் நாலு பக்கம் அதற்கு ஒதுக்கலாமே!

நான்காவதாக நமக்கும் ஒன்று உண்டு. வகுப்பில் ஒருவன் எழுந்து அசட்டுத்தனமாகத் தோன்றும் ஒரு சந்தேகத்தைக் கேட்டால், அன்றைக்காவது சிரிக்காமல் இருப்போம். ‘நான் யார்’ என்று கேட்ட ரமணர் 1879இல் பிறந்தது இதே திருச்சுழியில்தான். சின்னக் கேள்வி கேட்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

கட்டுரையை முடித்துவிட்டுப் பாப்பாவிடம் கேட்டேன்: “ஒன்னப் பத்தி எழுதியிருக்கேன். புஸ்தகத்துல போடலாமா?” கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“என் பேர எழுதாத. நீ பெயிலாப் போனத எழுது.”

எழுதிவிட்டேன்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்